காலை இருமலும் ஊர்க்காற்றின் மீது பழியும்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம் பெங்களூரு. பிழைப்பை நாடியும் இதமான தட்பவெப்பத்தை விரும்பியும் அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அந்நகரில் வாழ்கின்றன. அவ்வூரில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்கு வந்த இருமல் வாரக்கணக்கில் நீடித்தால், குற்றம் உடனே காற்றின் மீது சுமத்தப்படும். "இந்த ஊர்க் குளிரே இப்படித்தான்" என்பார் ஒருவர். பார்த்தீனியச் செடியின் மகரந்தம் என்பார் மற்றொருவர். சாலைத் தூசி, வாகனப் புகை, கட்டுமான வேலைகள் என்று பட்டியல் நீளும்.

இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஒவ்வாமை உடையவர்களுக்குப் பார்த்தீனிய மகரந்தம் மூக்கடைப்பையும் தும்மலையும் தருவது மருத்துவர்கள் நன்கு அறிந்த செய்தி. ஆனால் நாள்தோறும் பத்துச் சிகரெட் புகைக்கும் ஒருவர், தமது காலை இருமலுக்கு மார்கழிப் பனியைக் காரணம் காட்டும்போது, அங்கே ஓர் அறிகுறி மறைக்கப்படுகிறது. சரீரம் எழுதிய முதல் கடிதத்தை அவர் பிரிக்காமலேயே ஓரமாக வைத்துவிடுகிறார். அடுத்த கடிதம் பல ஆண்டுகளுக்குப் பின்னரே வருகிறது. அதற்குள் நுரையீரலில் பெரும்பகுதி செலவாகிவிட்டிருக்கும்.

வீடு வீடாகக் கேட்கப்பட்ட கேள்விகள்

இருமலும் இளைப்பும் நம் நாட்டு மக்களில் எத்தனை பேரை வாட்டுகின்றன, அவற்றுக்கும் புகைப்பழக்கத்துக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு என்பதை அறிய, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் ஒரு பெரிய ஆய்வு நடைபெற்றது. அதன் முதற்கட்டம் சண்டிகர், தில்லி, கான்பூர், பெங்களூரு ஆகிய நான்கு நகரங்களிலும் அவற்றைச் சுற்றியுள்ள ஊர்களிலும் நடத்தப்பட்டு, முடிவுகள் 2006-ஆம் ஆண்டில் வெளியாயின.

ஆய்வாளர்கள் மருத்துவமனையில் அமர்ந்து நோயாளிகளுக்காகக் காத்திருக்கவில்லை. வீடுகளுக்குச் சென்று வயதுவந்தோரிடம் எளிய கேள்விகளைக் கேட்டார்கள். கடந்த ஓராண்டில் மூச்சில் விசில் போன்ற ஒலி எழுந்ததுண்டா? காலையில் விழிக்கும்போது நெஞ்சு இறுகியதுபோல் இருந்ததா? இரவில் இருமலோ மூச்சுத்திணறலோ வந்து தூக்கம் கலைந்ததா? காலையில் சளி வெளிவருகிறதா, ஆண்டில் மூன்று மாதங்களாவது அவ்வாறு நீடிக்கிறதா? புகைப்பதுண்டா, உண்டென்றால் எதை, எத்தனை ஆண்டுகளாக? வீட்டில் வேறு யாரேனும் புகைக்கிறார்களா? அடுப்பில் எரிவது விறகா, எரிவாயுவா? இத்தகைய கேள்விகளே அந்த ஆய்வின் கருவிகள்.

ஆஸ்துமா பற்றிய பகுதியில் 73,605 பேர் பதிலளித்தனர். மூச்சு தொடர்பான ஏதேனும் ஓர் அறிகுறியாவது உடையவர்கள் இடத்திற்கு இடம் 4.3 முதல் 10.5 சதவீதம் வரை இருந்தார்கள். ஆஸ்துமா உடையோர் மொத்தத்தில் 2.38 சதவீதம். நான்கு நகரங்களுள் பெங்களூருவே முதலிடம் பெற்றது. அங்கே இந்த விகிதம் 3.47 சதவீதம். ஆகவே, ஊர்க்காற்றின் மீது பழிபோடுபவர்களுக்கு இந்தப் புள்ளிவிவரம் ஓரளவு துணைநிற்கும். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் கூறியது: எவ்வகைப் புகையிலைப் புகையாயினும், அதைப் புகைப்பவர்களிடம் ஆஸ்துமா கூடுதலாகவே காணப்பட்டது. நகரவாசம், வறுமை, ஒவ்வாமை, குடும்பத்தில் ஆஸ்துமா ஆகியவற்றோடு புகையும் அந்த வரிசையில் இடம்பெற்றது. இவற்றுள் பிறந்த குடும்பத்தை ஒருவர் மாற்றிக்கொள்ள இயலாது; ஊரை மாற்றுவதும் எளிதன்று. தம் விருப்பத்தால் நீக்கக்கூடியது புகை ஒன்றே.

அதே ஆய்வின் மற்றொரு பகுதி, 35 வயதைக் கடந்த 35,295 பேரிடம் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயைத் தேடியது. மருத்துவர்கள் சி.ஓ.பி.டி. என்று சுருக்கிச் சொல்லும் நோய் இது. நூற்றுக்கு நான்கு பேருக்குச் சற்று மேல், அதாவது 4.1 சதவீதத்தினர், இந்நோயைச் சுமந்திருந்தனர். புகைக்காதவர்களோடு ஒப்பிட, புகைப்பவர்களிடம் இது இரண்டரை மடங்குக்கும் அதிகமாக இருந்தது. சிகரெட் புகைப்பவர்களில் 5.9 சதவீதத்தினருக்கும், பீடி புகைப்பவர்களில் 8.2 சதவீதத்தினருக்கும் இந்நோய் காணப்பட்டது.

கடைசியாகக் கூறிய எண் சிந்திக்கத்தக்கது. பீடி இயற்கையானது, வெறும் இலையில் சுற்றியது, ஆதலால் சிகரெட்டைவிடக் கேடு குறைந்தது என்ற எண்ணம் கிராமங்களில் மட்டுமின்றிப் படித்தவர்களிடமும் உண்டு. பீடியைச் சுற்றப் பயன்படும் தெந்து இலை, சிகரெட் தாளைப்போல் காற்றை எளிதில் உள்ளே விடுவதில்லை. இழுக்காமல் வைத்திருந்தால் பீடி அணைந்துவிடும். அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே உள்ளே இருக்கும் புகையிலை குறைவாயினும், நுரையீரலுக்குச் செல்லும் நச்சு குறைவதில்லை. பீடி புகைப்போர் பெரும்பாலும் உழைப்பாளிகள் என்பதையும், வேலையிடத் தூசியையும் வீட்டு அடுப்பின் புகையையும் சேர்த்தே சுவாசிப்பவர்கள் என்பதையும் இங்கே கருத வேண்டும்.

பின்னர் இவ்வாய்வு நாட்டின் பல மாநிலங்களுக்கு விரிவாக்கப்பட்டது. 2012-இல் வெளியான இரண்டாம் கட்ட முடிவுகளின்படி, நம் நாட்டில் 1 கோடியே 72 லட்சம் பேர் ஆஸ்துமாவாலும், 1 கோடியே 48 லட்சம் பேர் நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சியாலும் துன்புறுவதாக மதிப்பிடப்பட்டது.

காலையில் மட்டும் ஏன்?

மூச்சுக்குழாய்களின் உட்சுவரில் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய மயிரிழைகள் இருக்கின்றன. அவை ஓயாமல் அசைந்து, உள்ளே வந்த தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்துத் தொண்டையை நோக்கி மேலே தள்ளுகின்றன. உறக்கத்திலும் விழிப்பிலும் நடைபெறும் இந்தத் தூய்மைப் பணியை யாரும் உணர்வதில்லை. வெளியே வரும் சிறிதளவு சளி, விழுங்கப்பட்டுவிடுகிறது.

புகையிலைப் புகை இந்த மயிரிழைகளை மரத்துப்போகச் செய்கிறது. நாளடைவில் அழிக்கவும் செய்கிறது. அதே சமயம், புகையின் எரிச்சலால் சளியைச் சுரக்கும் சுரப்பிகள் பெரிதாகின்றன. சளி பெருகுகிறது, அதை அகற்றும் துடைப்பமோ தேய்ந்துவிடுகிறது. இரவெல்லாம் தேங்கிய சளியை வெளியேற்ற சரீரத்திற்கு எஞ்சியிருக்கும் ஒரே வழி இருமல். எனவேதான் காலையில் எழுந்தவுடன் அந்த நீண்ட இருமல் வருகிறது. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாக, ஒவ்வோர் ஆண்டும் மூன்று மாதங்களாவது சளியோடு கூடிய இருமல் இருந்தால், மருத்துவ நூல்கள் அதனை நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சி என்றே குறிப்பிடுகின்றன. 'சிகரெட் பிடிப்பவனுக்கு இருமல் சகஜம்' என்று வீட்டார் சிரித்துவிட்டுப் போகும் அந்த இருமலின் முறையான பெயர் இதுதான்.

மூச்சுக்குழாய்களின் முடிவில், திராட்சைக் கொத்துப் போன்ற காற்றறைகள் கோடிக்கணக்கில் உள்ளன. அவற்றை விரித்துப் பரப்பினால் ஒரு சிறிய வீட்டின் தரைப்பரப்பைக் காட்டிலும் பெரிதாக இருக்கும். பிராணவாயு இரத்தத்தில் கலப்பது இவற்றின் மெல்லிய சுவர்களின் வழியாகவே. புகை இச்சுவர்களை அரித்து, பல சிறிய அறைகளை ஒரு பெரிய வெற்றறையாக ஆக்கிவிடுகிறது. இவ்வாறு அழிந்த சுவர்களை மீண்டும் எழுப்பும் மருந்து இன்றுவரை எதுவும் இல்லை.

லால்பாக் பாறை சொல்லும் செய்தி

பெங்களூரு லால்பாக் பூங்காவினுள் ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள் பழமையான ஒரு பாறைக் குன்று உள்ளது. அதன்மேல் கெம்பேகௌடர் பெயரால் வழங்கும் சிறு கோபுரம் நிற்கிறது. செங்குத்தான மலையன்று, சரிவாக ஏறும் அகன்ற பாறை. காலை நடைக்கு வருபவர்களில் பலர் பேசிக்கொண்டே அதன்மேல் ஏறி இறங்குகிறார்கள்.

ஐம்பத்தைந்து வயதுடைய ஓர் அலுவலரை எடுத்துக்கொள்வோம். பத்து ஆண்டுகளுக்கு முன் நண்பர்களுடன் அப்பாறையில் ஏறியவர், இப்போது "நீங்கள் போய் வாருங்கள்" என்று சொல்லிக் கீழே மரத்தடியில் அமர்ந்துவிடுகிறார். கேட்டால், "வயதாகிவிட்டது ஐயா" என்கிறார். அவருடைய நண்பர்களுக்கும் அதே வயதுதான். அடுத்த சில ஆண்டுகளில் மெட்ரோ நிலையத்தின் படிகளைத் தவிர்த்து மின்தூக்கிக்குக் காத்திருக்கிறார். பிறகு சமதரையிலும் மனைவியின் நடைக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்குகிறார். இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையேனும் அவர் மருத்துவரிடம் மூச்சுத்திணறல் என்று சொல்லியிருக்கமாட்டார். ஏனெனில் மூச்சு வாங்கும் செயல்களை அவர் ஒவ்வொன்றாகத் தம் வாழ்விலிருந்து விலக்கிவிட்டார். நோய் வளர வளர, வாழ்க்கை அதற்கேற்பச் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

மருத்துவர்கள் மூச்சுத்திணறலை அளவிட வைத்திருக்கும் படிநிலைகளும் இவையே. கடும் உழைப்பில் மட்டும் மூச்சு வாங்குவது இயல்பு. விரைந்து நடக்கும்போதோ சிறு மேட்டில் ஏறும்போதோ வாங்கினால் அது முதல் நிலை. சமதரையில் தம் வயதுடையோரைவிட மெதுவாக நடக்க நேர்ந்தால் இரண்டாம் நிலை. 100 மீட்டர் நடந்து நிற்க வேண்டியிருந்தால் மூன்றாம் நிலை. உடை மாற்றும்போதே மூச்சு வாங்கினால் நான்காம் நிலை. இரண்டாம் நிலையை எட்டியவர்கள்கூடத் தமக்கு நோயிருப்பதாக எண்ணுவதில்லை என்பதே வருத்தத்திற்குரியது.

இந்தச் சரிவு எப்படி நிகழ்கிறது என்பதை இங்கிலாந்தில் பிளெட்சர், பீட்டோ என்னும் இரு அறிஞர்கள் லண்டனில் பணிபுரிந்த 792 ஆண்களை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1977-இல் விளக்கினார்கள். ஆழ்ந்து மூச்சிழுத்து, முழு வலிமையோடு ஊதும்போது முதல் ஒரு நொடியில் வெளிவரும் காற்றின் அளவே அவர்களது அளவுகோல். இளமை கடந்தபின் இது எல்லோருக்கும் ஆண்டுதோறும் சிறிது குறையும். புகையால் பாதிக்கப்படுபவர்களுக்கோ குறையும் வேகம் அதிகம். புகைப்பதை நிறுத்தியவர்களுக்கு இழந்தது முழுவதும் திரும்புவதில்லை. ஆனால் குறையும் வேகம், புகைக்காதவர்களின் வேகத்திற்குத் திரும்பிவிடுகிறது. பின்னர் வட அமெரிக்காவில் 5,887 புகைப்பவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வும் இதனை உறுதிசெய்தது. பதினோர் ஆண்டுகளின் முடிவில், தொடர்ந்து புகைத்த ஆண்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 66 மில்லிலிட்டர் இழந்தார்கள். விட்டவர்கள் இழந்தது 30 மில்லிலிட்டர்.

எளிய கணக்கு ஒன்று போடலாம். 25 வயதில் ஒருவருக்கு இந்த அளவு 4 லிட்டர் என்று கொள்வோம். ஆண்டுக்கு 30 மில்லிலிட்டர் குறைந்தால் 60 வயதில் ஏறத்தாழ 3 லிட்டர் இருக்கும். பாறையில் ஏறலாம், பேரக்குழந்தையைத் தூக்கலாம். ஆண்டுக்கு 66 மில்லிலிட்டர் குறைந்தால் அதே வயதில் 1.7 லிட்டர்தான் மிஞ்சும். 45 வயதில் விழித்துக்கொண்டு புகையை விட்டவருக்கு, 60 வயதில் 2.2 லிட்டருக்கும் சற்று மேல் எஞ்சியிருக்கும். அரை லிட்டர் காற்று என்பது கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும். அந்த வயதில் அது தாமாகக் குளித்து உடுத்துவதற்கும் பிறர் கையை எதிர்பார்ப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடாக அமையக்கூடும்.

இந்த அளவைக் காட்டும் ஸ்பைரோமெட்ரி சோதனைக்கு ஊசியில்லை, வலியில்லை. ஒரு குழாயில் ஊதினால் போதும். பெங்களூருவில் அரசின் ராஜீவ் காந்தி மார்பு நோய் நிறுவனத்திலும், கோரமங்களாவில் உள்ள செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய மருத்துவமனைகளிலும் இது செய்யப்படுகிறது. ஆண்டுதோறும் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் தவறாமல் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள்கூட, 40 வயதைக் கடந்த புகைப்பவரை ஒருமுறையேனும் இச்சோதனைக்கு அழைத்துச் செல்வதில்லை. செல்ல வேண்டும்.

இருமல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, சளியில் இரத்தம் கண்டாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ காத்திருத்தல் கூடாது. புகைப்பவர் ஒருவர் இவற்றை வழக்கமான இருமல் என்று ஒதுக்குவது ஆபத்து. காசநோயும் புற்றுநோயும் இப்படித்தான் வந்து நிற்கின்றன.

மார்போடு நிற்பதில்லை

புகையிலை என்றதும் பலருக்கும் புற்றுநோய்தான் நினைவுக்கு வருகிறது. சென்னையைச் சேர்ந்த டாக்டர் கஜலட்சுமியும் அவருடைய குழுவினரும் சென்னை மாநகரிலும் விழுப்புரம் மாவட்டத்திலும் 43,000 ஆண்களின் மரணங்களை ஆராய்ந்து, உயிருடன் இருந்த 35,000 ஆண்களுடன் ஒப்பிட்டு 2003-இல் வெளியிட்ட முடிவு வேறொன்றைக் காட்டியது. காசநோயால் இறப்பது, புகைக்காதவர்களைவிடப் புகைப்பவர்களிடம் 4 மடங்குக்கும் அதிகமாக இருந்தது. உறங்கிக்கிடக்கும் காசநோய்க் கிருமியை எழுப்பிவிடும் ஆற்றல் புகைக்கு உண்டு என்பதே இதன் பொருள். காசநோயை ஒழிக்கப் பாடுபடும் ஒரு நாட்டில் இது சிறிய செய்தியன்று.

மாரடைப்பு, பக்கவாதம், கால் இரத்தக்குழாய் அடைப்பு, கண்புரை, ஈறு நோய், சர்க்கரை நோய் ஆகியவற்றின் வாய்ப்பும் புகையால் கூடுகிறது. அறுவை சிகிச்சைக்குப் பின் புண் ஆறுவதும் தாமதமாகிறது. 2008-இல் வெளியான இந்தியா தழுவிய ஆய்வு ஒன்று, நம் நாட்டில் சிகரெட் புகைக்கும் ஆண்கள் சராசரியாக 10 ஆண்டுகளையும், பீடி புகைக்கும் ஆண்கள் 6 ஆண்டுகளையும், பீடி புகைக்கும் பெண்கள் 8 ஆண்டுகளையும் இழக்கிறார்கள் என்று மதிப்பிட்டது.

"நாளுக்கு ஒன்றோ இரண்டோதான், அதுவும் காபிக்குப் பின்" என்று கூறுபவர்கள் உண்டு. பெங்களூருவின் அலுவலகப் பகுதிகளில் பெட்டிக்கடை ஓரத்தில் தேநீர்க் கோப்பையோடு நிற்கும் இளைஞர்களில் பலரும் தம்மைப் புகைப்பவர் என்றே கருதுவதில்லை. நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் புகைப்பவருக்கும், இருபது புகைப்பவருக்கு ஏற்படும் கூடுதல் இதய நோய் அபாயத்தில் ஏறத்தாழ பாதி உண்டு என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான அறிக்கை கூறுகிறது. இருபதிலிருந்து ஒன்றுக்குக் குறைத்தவர் அபாயத்தை இருபதில் ஒரு பங்காகக் குறைத்துவிடவில்லை. இரத்தக்குழாய் இந்தக் கணக்கை ஏற்பதில்லை.

ஹூக்காவும் அவ்வாறே. நீரில் வடிகட்டிவரும் புகை தூயது என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. அதன் விற்பனையையும் பயன்பாட்டையும் கர்நாடக அரசு 2024 பிப்ரவரியில் தடைசெய்தது. மின்சிகரெட்டுகளை நாடு முழுவதற்கும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துவிட்டது.

புகைக்காதவர்களின் பங்கு

நான்கு நகர ஆய்வில் மனத்தை உறுத்தும் இன்னொரு முடிவும் உண்டு. தாம் புகைக்காவிட்டாலும், பிறர் விடும் புகையைச் சுவாசித்து வாழ்ந்தவர்களுக்குச் சி.ஓ.பி.டி. வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இருந்தது. அதனுடன் விறகு அடுப்பின் புகையும் சேர்ந்தால் அபாயம் மேலும் கூடியது. ஒரே அறையில் குடும்பம் முழுவதும் படுத்துறங்கும் வீட்டில், சன்னலோரம் நின்று புகைப்பதால் பயனேதும் விளைவதில்லை.

அடுப்புப் புகையைப் பற்றி மைசூரு மாவட்டக் கிராமப் பெண்களிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வு, எவரும் தாமே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு ஒன்றைத் தந்தது. விறகு, வறட்டி போன்றவற்றை எரித்து நாளுக்குச் சராசரியாக எத்தனை மணி நேரம் சமைக்கிறார் என்பதை, எத்தனை ஆண்டுகளாகச் சமைக்கிறார் என்பதால் பெருக்க வேண்டும். விடை 60-ஐத் தொட்டால், நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சியின் அபாயம் குறிப்பிடத்தக்க அளவில் தொடங்குகிறது. நாளுக்கு மூன்று மணி நேரம், 20 ஆண்டுகள், அவ்வளவே. பல தாய்மார்கள் நாற்பது வயதிற்குள் இந்த எல்லையைக் கடந்துவிடுகிறார்கள். வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடத் தொடாத பாட்டி ஏன் இப்படி இருமுகிறார் என்ற கேள்விக்கு விடை சமையலறையில் இருக்கிறது.

கதவடைத்த அறையில் இரவெல்லாம் எரியும் கொசுவர்த்திச் சுருளையும் இத்துடன் எண்ணிப்பார்க்க வேண்டும். பூஜையறை ஊதுபத்தியும் புகைதான். பக்திக்கு இடையூறு செய்ய வேண்டியதில்லை. ஆஸ்துமா உள்ள ஒருவர் வீட்டில் இருந்தால் சன்னலைத் திறந்துவைப்பதில் தவறேதும் நேர்ந்துவிடாது.

மூச்சுப் பயிற்சி எதைச் செய்யும்?

ஆன்மிக நாட்டமுள்ள குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. இதற்கும் பெங்களூருவிலேயே ஒரு நல்ல சான்று உள்ளது. அங்கே விவேகானந்த கேந்திரத்தின் யோக ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்த டாக்டர் நாகரத்னாவும் டாக்டர் நாகேந்திராவும் 1985-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆஸ்துமா நோயாளிகள் 53 பேர் ஆசனம், பிராணாயாமம், தியானம் முதலியவற்றில் இரண்டு வாரங்கள் பயிற்சி பெற்று, பின்னர் நாள்தோறும் 65 நிமிடங்கள் செய்துவருமாறு கூறப்பட்டார்கள். வயது, நோயின் கடுமை முதலியவற்றில் ஒத்த மற்றொரு 53 பேர் தமது வழக்கமான மருந்தை மட்டும் தொடர்ந்தார்கள். பயிற்சி செய்தவர்களிடம் வாரந்தோறும் வரும் ஆஸ்துமா தாக்குதல்கள் குறைந்தன. மருந்தின் தேவை குறைந்தது. ஊதும் காற்றின் வேகம் கூடியது.

மகிழத்தக்க முடிவுதான். ஆயினும் அது எதைச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அது ஆஸ்துமா நோயாளிகளைப் பற்றியது. காலையில் பிராணாயாமமும் மாலையில் சிகரெட்டுமாக வாழ்பவருக்கு அது எந்த உறுதிமொழியும் தரவில்லை. அரிக்கப்பட்ட காற்றறைச் சுவர்களைப் பிராணாயாமம் மீண்டும் கட்டித்தராது. சி.ஓ.பி.டி. உடையவர்கள் மூச்சை நெடுநேரம் அடக்கும் கும்பகப் பயிற்சியை மருத்துவரைக் கேளாமல் செய்யவும் கூடாது. ஆஸ்துமா உடையவர்கள் இன்ஹேலரைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. பயிற்சியின் பயன் மற்றோரிடத்தில் உண்டு. புகைக்கும் வேட்கை எழும் அந்தச் சில நிமிடங்களில் மெதுவாக மூச்சை இழுத்து விடுவது மனத்தை நிலைப்படுத்தும். அந்த வேட்கை அலை போன்றது. சில நிமிடங்களில் தானே தணிந்துவிடும்.

விடுவதற்குத் துணை

புகைப்பழக்கத்தை மன உறுதியின் குறைபாடாக மட்டும் காண்பது நியாயமன்று. இழுத்த புகையிலுள்ள நிகோடின் 10 முதல் 20 நொடிகளுக்குள் மூளையை அடைகிறது. இத்தனை விரைவில் பலன் தரும் பொருளுக்கு மூளை அடிமையாவதில் வியப்பில்லை. விட்ட முதல் மூன்று நாட்களில் எரிச்சலும் அமைதியின்மையும் தூக்கமின்மையும் உச்சத்தில் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். இதை முன்னரே அறிந்த குடும்பத்தார், அந்நாட்களில் எழும் கடுஞ்சொற்களைப் பொறுத்துக்கொள்வது பெரிய உதவி.

இன்னொரு செய்தியையும் முன்கூட்டியே அறிந்திருப்பது நன்று. சிலருக்கு, விட்ட முதல் சில வாரங்களில் இருமல் குறைவதற்குப் பதிலாகக் கூடும். மரத்துக்கிடந்த மயிரிழைகள் மீண்டும் அசையத் தொடங்கி, தேங்கிய சளியை வெளியேற்றுவதன் விளைவு இது என்று மருத்துவர்கள் விளக்குகிறார்கள். "விட்டபின்தான் இருமல் அதிகம்" என்று மீண்டும் பற்றவைப்பவர்கள் தவறு செய்வது இங்கேதான்.

இவ்வகையில் பெங்களூரு நாட்டிற்கே துணைநின்றுள்ளது. உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 2002-இல் நம் நாட்டில் தொடங்கப்பட்ட 13 புகையிலை நிறுத்த மருத்துவ மையங்களுள், ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தின் மையமும், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தின் மையமும் இடம்பெற்றன. 2016-இல் தில்லியில் தொடங்கப்பட்ட தேசியத் தொலைபேசி ஆலோசனைச் சேவை 2018-இல் விரிவாக்கப்பட்டபோது, தென்னிந்தியாவிற்கான மையம் நிம்ஹான்ஸில் அமைந்தது. 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசலாம். இவ்வெண் 2018 முதல் சிகரெட், பீடி உறைகளின்மீதே அச்சிடப்பட்டு வருகிறது. நாள்தோறும் அதைக் கையில் வைத்திருந்தும் படிக்காதவர்கள் ஏராளம். ஆலோசகர் எதையும் கண்டிப்பதில்லை. எப்போது புகைக்கும் எண்ணம் எழுகிறது, எதனோடு எழுகிறது என்று கேட்டு, விடும் நாளை அழைப்பவரே குறிக்கச் செய்து, அதன்பின் நாட்களில் தொடர்ந்து விசாரிக்கிறார். காபியோடு புகைத்தவர் சில வாரங்களுக்குக் காபி அருந்தும் இடத்தையும் நேரத்தையும் மாற்றிக்கொள்வது போன்ற எளிய உத்திகளும் இதில் அடங்கும்.

தனியே முயன்று முடியாதவர்களுக்கு நிகோடின் கலந்த மெல்லும் பசையும், மருத்துவரின் சீட்டின்பேரில் உட்கொள்ளும் புப்ரோபியான், வரெனிக்லின் ஆகிய மாத்திரைகளும் உள்ளன. ஆலோசனையோடு மருந்தும் சேரும்போது வெற்றி வாய்ப்பு கூடுகிறது. முதல் முயற்சியிலேயே விட்டவர்கள் குறைவு. நான்கைந்து முறை முயன்று இறுதியில் விட்டவர்களே மிகுதி.

'இந்த வயதில் விட்டு என்ன பயன்?' என்பது முதியவர்கள் பலரும் கேட்பது. இங்கிலாந்தின் மருத்துவர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த ரிச்சர்ட் டால் குழுவினர் 2004-இல் இதற்கு எண்களாலேயே விடையளித்தார்கள். 30 வயதில் விட்டவர்கள் 10 ஆண்டுகளையும், 40-இல் விட்டவர்கள் 9 ஆண்டுகளையும், 50-இல் விட்டவர்கள் 6 ஆண்டுகளையும், 60 வயதில் விட்டவர்கள்கூட 3 ஆண்டுகளையும் திரும்பப் பெற்றனர்.

புகையிலை நிறுத்த மையங்களில் ஒரு சிறிய கருவி பயன்படுத்தப்படுகிறது. மூச்சைச் சிறிது நேரம் நிறுத்தி அதில் ஊதினால், சுவாசத்திலுள்ள கார்பன் மோனாக்சைடின் அளவை எண்ணாகக் காட்டும். வாகனங்களின் புகைக்குழாயிலிருந்து வெளிவரும் அதே நச்சுவாயுதான். இது இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஊர்க்காற்றே காரணம் என்று வாதாடி வந்தவரும், அவருடன் வந்த புகைக்காத மனைவியும் அடுத்தடுத்து ஊதினால், ஒரே ஊரில் ஒரே வீட்டில் வாழும் அவ்விருவரின் எண்களும் வெவ்வேறாக இருக்கும். அவர் அன்று முதல் புகைக்காமல் இரண்டு நாட்கள் கழித்து மீண்டும் வந்து ஊதினால், அவருடைய எண் மனைவியின் எண்ணை நெருங்கியிருக்கும்.